மூலமா, ரீமேக்கா, டப்பிங்கா? மூன்று மொழிக்காரர்களுக்கு ஓர் ஒப்பீடு

ஒரே கதை கன்னடத்தில் ஒன்று, தெலுங்கில் ஒன்று, தமிழில் ஒன்று என்று வரிசை கட்டி நிற்பது கிருஷ்ணகிரி மாவட்டத்துக்காரர்களுக்குப் பழகிப்போன விஷயம். ஓசூரிலிருந்து பெங்களூரு சுமார் 40 கிலோமீட்டர்தான். கிருஷ்ணகிரியில் குப்பம் சாலையைப் பிடித்தால் கொஞ்ச நேரத்தில் ஆந்திரா. தளி, பேரிகை, வேப்பனப்பள்ளி பக்கமெல்லாம் வீட்டுக்குள் ஒரு மொழி, சந்தையில் ஒரு மொழி என்று வாழ்கிறவர்கள் நிறைய. அதனால் சென்னைக்காரருக்கு அவ்வளவாக வராத ஒரு கேள்வி இங்கே அடிக்கடி வருகிறது. "அந்தப் படத்தை அதோட மொழியிலேயே பார்த்துடவா, டப்பிங் போதுமா, இல்ல தமிழ்ல எடுத்ததைப் பார்க்கவா?"

பாட்டிலும் இதே குழப்பம். கல்யாண ரிசப்ஷனுக்கு ஆர்கெஸ்ட்ரா பேசப் போகிறவர்கள், பழைய பாட்டை அப்படியே பாடச் சொல்வதா, இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பிடிக்கிற மாதிரி மாற்றிப் பாடச் சொல்வதா என்று கேட்கிறார்கள்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ரீமேக் மூலத்தை மிஞ்சும், ஒருவர் பாடியதை இன்னொருவர் மறுபடி பாடும் கவர் பாட்டும் மிஞ்சும். ஆனால் மூலத்தை எடுத்தவர் ஏதாவது மிச்சம் வைத்திருக்க வேண்டும். எல்லாம் கூடி வந்துவிட்ட படத்தை மறுபடி எடுப்பது வீண் வேலை. கரு நன்றாக இருந்து, எங்கோ தவறவிட்ட படம்தான் ரீமேக்குக்குத் தோதான சரக்கு.

## எதை வைத்து அளப்பது

முதல் அளவு, இப்போது சொன்ன மிச்சம். மூலத்தில் பலவீனமாக இருந்தது எது, அதைப் பிறகு வந்தவர் பிடித்தாரா? ஹாலிவுட்டில் "தி மால்டீஸ் ஃபால்கன்" என்றாலே எல்லோருக்கும் நினைவு வருவது 1941-ல் வந்த படம். அதே நாவலை 1931-லும் 1936-லும் ஏற்கெனவே படமாக்கியிருந்தார்கள் என்பது பலருக்குத் தெரியாது. மூன்றாவது ஆள் எடுத்ததுதான் நின்றது.

இரண்டாவது அளவு, மண். கதை புதிய ஊருக்கு வந்து குடியேறியதா, இல்லை பெயர்ப் பலகையை மட்டும் மாற்றிக்கொண்டதா?

மூன்றாவது, ஆள். தர்மபுரி, கிருஷ்ணகிரி கிராமங்களில் பாரதக் கூத்து பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பதினெட்டாம் நாள் துரியோதனன் படுகளத்தில் விழுவான், திரௌபதி கூந்தலை முடிவாள் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். இருந்தும் விடிய விடிய உட்கார்ந்திருப்பார்கள். "இந்த வருஷம் துரியோதனன் வேஷம் யார் கட்டுறது?" என்பதுதான் கேள்வி. போன வருஷம் கட்டியவரோடு ஒப்பிட்டுப் பேச்சும் நடக்கும். ஆனால் எது மூலம் என்று யாரும் சண்டை போட்டதில்லை. ஃபிலிமிலும் இசைத்தட்டிலும் ஒன்றைப் பதிந்து வைக்கத் தொடங்கிய பிறகுதான் "ஒரிஜினல் மாதிரி வராதுப்பா" என்ற பேச்சே வந்தது.

நான்காவது, மறைசெலவு. டிக்கெட் காசைச் சொல்லவில்லை. ஒன்றைப் பார்த்துவிட்டால் இன்னொன்றில் எதை இழக்கிறோம் என்பதுதான் அது.

## மூலத்தையே பார்ப்பது

பாதி புரிந்தாலும் மூலம்தான் என்று சொல்ல வைக்கும் படங்கள் உண்டு. எனக்கு முதலில் தோன்றுவது "மணிச்சித்ரதாழ்". 1993-ல் பாசில் எடுத்த மலையாளப் படம். ஷோபனாவுக்குச் சிறந்த நடிகைக்கான தேசிய விருது வாங்கிக் கொடுத்தது.

அதில் ஒரு காட்சி. செத்துப்போன ஒரு தமிழ் நடனக்காரியாகவே தன்னை நினைக்கத் தொடங்கியிருக்கும் கங்கா (ஷோபனா) நகை வாங்கக் கடைக்குக் கிளம்புகிறாள். கணவன் போக வேண்டாம் என்கிறான். அதுவரை மலையாளம் பேசிக்கொண்டிருந்தவள் சட்டென்று திரும்பி "விடமாட்டே?" என்கிறாள், தமிழில். குரல் இறங்குகிறது, கண் விரிகிறது, கட்டிலை ஒரு கையால் தூக்குகிறாள். கேரளத்து ரசிகனுக்கு அங்கே பயம் வருவது அந்தப் பெண் வேறு மொழிக்குத் தாவிவிட்டாள் என்பதால். நமக்கு நடப்பது வேறு. அதுவரை துணைத்தலைப்பைப் படித்துக்கொண்டிருந்த நமக்கு, அவள் பேசுவது நேராகப் புரியத் தொடங்குவதே அவள் நிலை தவறிய பிறகுதான். படம் எடுத்தவர்கள்கூட திட்டமிட்டிருக்க முடியாத ஒரு நடுக்கம் அது, தமிழ்க் காதுக்கு மட்டும் கிடைப்பது.

இதே கதை 2004-ல் கன்னடத்தில் "ஆப்தமித்ரா"வாகவும், 2005-ல் தமிழில் "சந்திரமுகி"யாகவும் வந்தது. இரண்டையும் இயக்கியவர் பி.வாசு. அந்தத் தமிழ் நடனக்காரியை அப்படியே தமிழ்ப் படத்தில் வைத்தால் மொழி மாறுகிற பயம் போய்விடும் என்பதால், அவளைத் தெலுங்குக்காரி ஆக்கினார்கள். "ரா ரா" பாட்டும் தெலுங்கில். புத்திசாலித்தனமான மாற்றம்தான், சென்னைக்கும் மதுரைக்கும். ஆனால் வீட்டில் அம்மாவோடு தெலுங்கு பேசுகிற வேப்பனப்பள்ளிக்காரருக்கு அதில் என்ன அந்நியம் இருக்கும்? அவருக்கு அது பேயின் மொழி இல்லை, அடுப்படி மொழி. அதனால் இந்தக் கதையைப் பொறுத்தவரை நம் பக்கத்து ஆட்களுக்கு என் பரிந்துரை மலையாள மூலம்தான். "சந்திரமுகி"யைப் பிறகு ரஜினிக்காகவும் வடிவேலுவுக்காகவும் பாருங்கள். அது வேறு சுகம்.

மறைசெலவு என்றால், கண் பாதி நேரம் எழுத்தில் இருக்கும். வட்டார நகைச்சுவை கைநழுவும். வயதானவர்களோடு உட்கார்ந்து பார்க்க முடியாது, "என்னடா சொல்றான்?" என்று நிமிஷத்துக்கு ஒருமுறை கேட்பார்கள்.

## ரீமேக்கைப் பார்ப்பது

இங்கேதான் பேச நிறைய இருக்கிறது.

"ஒக்கடு" 2003-ல் வந்த மகேஷ் பாபு படம். அடுத்த ஆண்டே தரணி அதைக் "கில்லி" ஆக்கினார். கதை, கபடி, ஊரையே ஆட்டிப்படைக்கும் வில்லன், அவனிடமிருந்து பெண்ணைக் கூட்டிக்கொண்டு ஓட்டம் எல்லாம் மூலத்திலேயே இருந்தவை. கர்னூல் மதுரையானது. வித்யாசாகர் இசை சேர்ந்தது. முக்கியமானது ஒன்று: இரண்டு படத்திலும் வில்லன் பிரகாஷ் ராஜ். அதே வேஷத்தை இரண்டாவது முறை கட்டும் வாய்ப்பு சினிமாவில் எத்தனை பேருக்குக் கிடைக்கும்? தெலுங்கில் மிரட்டிய ஆள், தமிழில் மிரட்டிக்கொண்டே "செல்லம்" என்று குழைகிறார். முத்துப்பாண்டியை வெறுக்கவும் முடியவில்லை, ரசிக்காமல் இருக்கவும் முடியவில்லை. 2024-ல் மறுவெளியீடு செய்தபோது, படம் வந்த வருஷத்தில் பிறக்காத பிள்ளைகள்கூட வசனத்தை முன்கூட்டியே சொல்லிக்கொண்டு பார்த்தார்கள். மூலத்தை ரீமேக் மிஞ்சியதற்கு எனக்கு முதல் சாட்சி இதுதான். ஓசூரில் மகேஷ் பாபு ரசிகர்கள் இதை ஒத்துக்கொள்ள மாட்டார்கள், அது அவர்கள் உரிமை.

"பாபநாசம்" வேறு வகை. 2013-ல் வந்த "த்ரிஷ்யம்" எல்லாம் கூடி வந்த படம்தான். நான் மேலே சொன்ன கணக்குப்படி ரீமேக் தோற்றிருக்க வேண்டும். ஆனால் அதே ஜீத்து ஜோசப் 2015-ல் தமிழில் எடுத்தபோது, ஜெயமோகன் வசனம் எழுதினார், கமல் நெல்லைத் தமிழ் பேசினார். கதையில் பெரிய மாற்றமில்லை. மண் மாறியது, அவ்வளவுதான். கேபிள் டிவி நடத்தும் சுயம்புலிங்கம் நமக்குத் தெரிந்த ஆள் மாதிரி இருக்கிறார். மோகன்லாலின் ஜார்ஜ்குட்டி கடைசிவரை முகத்தில் எதையும் காட்டாமல் போகிறார். கமல் கடைசியில் உடைந்து அழுகிறார். எது உசத்தி என்று கேட்டால், அடக்கம் பிடித்தவர்கள் மலையாளத்துக்குப் போங்கள் என்பேன். அழுகை வந்தால்தான் படம் பார்த்த மாதிரி இருக்கும் என்பவர்களுக்குத் தமிழ்.

இந்தக் கதைக்கு கன்னடத்தில் ரவிச்சந்திரன், தெலுங்கில் வெங்கடேஷ், இந்தியில் அஜய் தேவ்கன் என்று இன்னும் பல உருவங்கள் உண்டு. ஆனால் எதை முதலில் பார்க்கிறீர்களோ அதுதான் உங்கள் "த்ரிஷ்யம்". கதையில் மறைத்து வைத்த உடல் எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிட்டால் அப்புறம் மற்றதெல்லாம் நடிப்பை ஒப்பிட்டுப் பார்ப்பதுதான். மர்மப் படங்களின் பெரிய மறைசெலவு இது. முதல் தடவை என்பது ஒரு தடவைதான்.

இன்னொரு செலவு, நாயகனுக்காக ஏற்றும் சுமை. இந்தியில் "பிங்க்" (2016) நீதிமன்றத்தையும் மூன்று பெண்களையும் சுற்றியே நின்றது. தமிழில் "நேர்கொண்ட பார்வை" (2019) ஆனபோது அஜித்துக்கு ஒரு சண்டையும் ஒரு மனைவியின் முன்கதையும் சேர்ந்துகொண்டன. படத்துக்கு அது தேவையில்லை. ஆனால் அஜித் இல்லாமல் அந்தப் படம் அத்தனை ஊர்த் தியேட்டர்களுக்கு வந்திருக்குமா? ஒரு பெண் வேண்டாம் என்றால் வேண்டாம்தான் என்பதை விசில் அடிக்கும் கூட்டத்தின் நடுவில் சொன்ன படம் அது. அந்தச் சண்டைக் காட்சியை நான் போக்குவரத்துச் செலவாகக் கணக்கு வைத்துக்கொள்கிறேன்.

பழைய காலத்திலும் இதே வித்தைதான். "எங்க வீட்டுப் பிள்ளை" (1965) என்.டி.ராமாராவ் நடித்த "ராமுடு பீமுடு" (1964) படத்தின் தமிழ் உருவம். இரண்டுக்கும் இயக்குநர் தாபி சாணக்கியாதான். ஆனால் தமிழ்நாட்டில் அந்தப் படம் என்றால் சாட்டையும் "நான் ஆணையிட்டால்" பாட்டும். கதையைத் தாண்டி அந்தப் பாட்டு அரசியல் மேடைவரை போனது.

சறுக்கியதற்கும் சாட்சி வேண்டுமே. "96" தமிழில் 2018-ல் வந்தது. தெலுங்கில் அதையே "ஜானு" (2020) என்று எடுத்தவரும் அதே பிரேம்குமார், இசையும் அதே கோவிந்த் வசந்தா. ஆனாலும் ஒட்டவில்லை. தமிழ்ப் படத்தில் பள்ளிக்கூடப் பெண் இளையராஜா பாட்டுப் பாடுவது வெறும் பாட்டல்ல, ஒரு தலைமுறையின் டேப் ரெக்கார்டர் நினைவு. அதைப் பெயர்த்து நட முடியாது. மிச்சம் வைக்காத படம் என்று நான் சொல்வது இதைத்தான்.

"அர்ஜுன் ரெட்டி"க்கு (2017) நேர்ந்தது இன்னும் விசித்திரம். பாலா எடுத்த தமிழ் ரீமேக்கைத் தயாரிப்பாளர்கள் ஓரங்கட்டிவிட்டு, மறுபடி முதலிலிருந்து வேறு இயக்குநரை வைத்து "ஆதித்ய வர்மா" (2019) எடுத்தார்கள். ஓரங்கட்டிய படமும் "வர்மா" என்று 2020-ல் இணையத்தில் வந்துவிட்டது. மூலத்தை அப்படியே நகலெடுத்த ஒன்று, மூலத்திலிருந்து விலகிப்போன ஒன்று. இரண்டையும் பார்த்தால், நகலுக்கு உயிர் போதவில்லை, விலகலுக்கு வழி தெரியவில்லை. தெலுங்கு புரிகிறவர்கள் மூலத்தோடு நின்றுகொள்ளலாம்.

## டப்பிங் பார்ப்பது

"கே.ஜி.எஃப்", "காந்தாரா" காலத்துக்குப் பிறகு பெரிய படங்கள் ஒரே நாளில் எல்லா மொழியிலும் வருகின்றன. ரீமேக்குக்குக் காத்திருக்கும் பழக்கமே குறைந்துவிட்டது. கண்ணுக்கு விருந்து வைக்கும் படங்களுக்கு டப்பிங் தாராளமாகப் போதும். சண்டைக்கு மொழி எதற்கு?

"கே.ஜி.எஃப்" பற்றி ஒரு சின்ன விஷயம். நிஜமான கோலார் தங்கவயலில் சுரங்கத்துக்குள் இறங்கியவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். அதனால் கன்னட மூலத்தைவிடத் தமிழ் டப்பிங்கில் அந்தத் தொழிலாளிகள் பேசுவது எனக்கு இயல்பாகப் பட்டது. வேடிக்கைதான்.

நகைச்சுவைக்கும் வட்டார வழக்குக்கும் டப்பிங் சரிப்படாது. எல்லோரும் ஒரே செய்தி வாசிப்புத் தமிழ் பேசுவார்கள். பாட்டு இன்னும் மோசம். வாயசைவுக்கு ஏற்ற சொல்லைத் தேடிப் பிடிப்பதிலேயே கவிதை செத்துவிடும். தப்பிப் பிழைத்தவை கொஞ்சம். ஒகேனக்கலிலும் படமாக்கிய "சின்னச் சின்ன ஆசை" இந்திக்குப் போனபோதும் மின்மினியே பாடினார், குரல் மாறாததால் பாதி உயிர் மிஞ்சியது.

அவசரத்துக்கு ஒரு பட்டியல்:

| படம் எப்படிப்பட்டது | முதலில் பார்க்க | இழப்பது |
|---|---|---|
| மர்மம், திருப்பம் | புரிகிற மொழியில் மூலம் | மற்ற எல்லா உருவத்திலும் அதிர்ச்சி |
| குடும்பம், வட்டாரம் | மண் மாறிய ரீமேக் | மூலத்து ஊரின் வாசனை |
| சண்டை, பிரம்மாண்டம் | டப்பிங் | வசனம், பாட்டு வரி |
| நினைவு, காதல், பாட்டு | மூலம், துணைத்தலைப்போடு | கொஞ்சம் கண்வலி |
| பெரியவர்களோடு பார்ப்பது | ரீமேக், இல்லையேல் டப்பிங் | நுணுக்கம் |

## பாட்டு: அச்சு அசலா, மாற்றிப் பாடுவதா, ரீமிக்ஸா

அச்சு அசல். ரிசப்ஷன் கூட்டம் இதைத்தான் கேட்கும். ஆனால் "இளைய நிலா" என்ற பாட்டில் பாதி எஸ்.பி.பி., மீதி கிட்டார். மேடையில் கிட்டார் வாசிக்க ஆளில்லாமல் கீபோர்டில் கிட்டார் சத்தத்தை வைத்து அந்த முன்னிசையை ஒப்பேற்றினால், கேட்கிறவர் மனதில் ஓடும் நிஜப் பாட்டு மேடைப் பாட்டை அடித்துப் போட்டுவிடும். இரண்டு கீபோர்டு, ஒரு ஆக்டோபேட் (மின்னணு டிரம்), ஒரு தபேலா என்றிருக்கும் குழுவுக்கு இளையராஜாவின் வயலின் கூட்டம் எங்கிருந்து வரும்? சில குழுக்கள் முன்பே பதிந்த பின்னணி இசையை, அதாவது டிராக்கை, போட்டுவிட்டுப் பாடகரை மட்டும் பாட வைக்கும். குழுவுக்குக் கொடுத்த காசு கரோக்கேவுக்குப் போய்ச் சேரும். இதுதான் அச்சு அசலின் மறைசெலவு.

மாற்றிப் பாடுவது. இங்கே கூட்டுவதைவிடக் குறைப்பவர்தான் ஜெயிக்கிறார். பாடகியின் குரலுக்கு ஒரு கட்டை குறைத்து, வேகத்தைத் தணித்து, ஒரு வாத்தியத்தோடு பாடினால் பழைய பாட்டின் வரி முதல்முறையாகக் காதில் விழும். "படகோட்டி"யின் (1964) "தொட்டால் பூ மலரும்" மாதிரி மெட்டும் வரியும் தாமே நிற்கும் பாட்டுக்கு இது பொருந்தும். வாலியின் அந்த வரிகளையே எடுத்து 2004-ல் "நியூ" படத்தில் ஏ.ஆர்.ரஹ்மான் வேறு மெட்டுப் போட்டார். பழையது படகுபோல் துள்ளும், புதியது கிறங்கும். ஒரே வரிக்குள் இரண்டு மனநிலை இருந்திருக்கிறது, விஸ்வநாதன்-ராமமூர்த்தி ஒன்றை எடுத்துக்கொண்டு மற்றதை மிச்சம் வைத்திருக்கிறார்கள். வெளிநாட்டில் இதற்குப் பெரிய சாட்சி பாப் டிலனின் "ஆல் அலாங் த வாட்ச்டவர்". அவர் 1967-ல் பாடியதை 1968-ல் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் மின்கிட்டாரில் புரட்டிப்போட்டார். பிற்பாடு எழுதியவரே மேடையில் ஹெண்ட்ரிக்ஸ் பாணியில் பாடத் தொடங்கிவிட்டார்.

மாற்றுவதிலும் செலவு உண்டு. சித்தப்பா வகையறா, "பாட்டையே கெடுத்துட்டான்" என்பார்கள். முதல் வரிசையில் அவர்கள்தான் உட்கார்ந்திருப்பார்கள்.

ரீமிக்ஸ். ஆடுவதற்கு மட்டும். 2007-ல் யுவன் சங்கர் ராஜா "மை நேம் இஸ் பில்லா"வைப் புதுப்பித்தது எடுபட்டது, ஏனென்றால் பாட்டே அந்தப் பாத்திரத்தின் விசிட்டிங் கார்டு. அதே ஆண்டு "அழகிய தமிழ் மகன்" படத்தில் "பொன்மகள் வந்தாள்" வந்தது. ஆட்டம் இருந்தது, ஆனால் டி.எம்.எஸ். குரலில் இருந்த பணக்காரத் திமிர் போய்விட்டது. சாப்பாட்டுப் பந்தி முடிந்து பிள்ளைகள் மேடைக்கு முன்னால் கூடும் நேரத்துக்கு ரீமிக்ஸ் போதும்.

கவர் பாடி இணையத்தில் ஏற்ற நினைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. காப்புரிமைச் சட்டத்தில் 2012-ல் சேர்த்த 31சி பிரிவுப்படி கவர் பதிவு செய்து விற்க உரிமம் உண்டு. ஆனால் முதல் பதிவு வந்த ஆண்டு முடிந்து ஐந்து ஆண்டு கழிந்திருக்க வேண்டும், முன்கூட்டியே ராயல்டி கட்ட வேண்டும், தொழில்நுட்பத் தேவைக்கு மேல் பாட்டை மாற்றவும் கூடாது. மாற்றிப் பாடுவதுதான் நோக்கம் என்றால் உரிமையாளரிடம் தனியாக அனுமதி கேட்கத்தான் வேண்டும். எஸ்.பி.பி.க்கே 2017-ல் இளையராஜா தரப்பிலிருந்து வக்கீல் நோட்டீஸ் போனது ஊருக்கே தெரியும். கல்யாண விசேஷத்தில் பாடுவதற்குச் சட்டத்திலேயே விலக்கு இருக்கிறது. வீடியோவாக்கிப் போட்டால் அந்த விலக்கு கூடவே வரும் என்று நம்ப வேண்டாம்.

ரிசப்ஷனுக்கு என் கணக்கு இது. ஆறரை மணிக்கு மாற்றிப் பாடிய மெதுவான பாட்டுகள், கூட்டம் நிறைந்ததும் குழுவால் நிஜமாகவே வாசிக்க முடிந்தவற்றை அச்சு அசலாக, கடைசியில் ரீமிக்ஸ். அட்வான்ஸ் கொடுக்கும் முன் லைவா டிராக்கா என்று கேளுங்கள். லைவ் என்றால் கிட்டார் வாசிப்பவர் வருகிறாரா என்று கேளுங்கள். வரவில்லை என்றால் பட்டியலிலிருந்து "இளைய நிலா"வை அடித்துவிடச் சொல்லுங்கள்.